பாக்கி

பதிவுப் புத்தகத்தில் கிராணி எழுதியது அரைப் பெயர்.
பாக்கியவதி என்று அப்பா சொல்லச் சொல்ல
'பாக்கி'யோடு மை தீர்ந்ததோ பொறுமை தீர்ந்ததோ.
மலாய்க்காரர்கள் மீதிச் சில்லறைக்கும் அதே சொல்தான் சொல்வார்கள்.
பீடோங் வங்கியில் அட்டையைச் செருகினால்
திரையில் என் பெயர் வரும்,
பக்கத்தில் ஒரு தொகை.

அது என் பெயர் அல்ல.

எழுபதாம் வருஷம்.
அம்மாவிடம் சிவப்பு ஐசி, பெர்மிட் முடிந்துவிட்டது.
அப்பாவிடம் நீலம்.
அக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவள், பிறப்புச் சூராட் இருந்தது.
நான் லயத்தில்,
பெரட்டு மணி அடிக்கும்போது பிறந்தவள்.
என்னை எந்தக் காகிதமும் அறியாது.
அம்மா வயிற்றில் இன்னொன்று.
எனக்குப் பத்து நாளாகக் காய்ச்சல்.

மண்ணெண்ணெய் விளக்கடியில் அப்பா கணக்குப் போட்டார்.
சூராட் உள்ள பிள்ளை தங்கலாம்.
இல்லாத பிள்ளை கப்பலேற வேண்டும்.
கப்பலில் ஏழு ராத்திரி.
அவளை யாரும் கேட்கவில்லை.
எட்டு வயது, ஒட்டுப்பால் வாடை போகாத பாவாடை.
அரிசியில் கல் பொறுக்கியபடி,
தலை நிமிராமல்,
"அவளத் தூக்கணும். நான் நடப்பேன்" என்றாள்.

பினாங்குத் துறைமுகத்தில் அவள் தேனம்மா ஆனாள்.
ஐந்து வயதில் எனக்கு எட்டு வயது ஆனது.

அப்பா வேறு தோட்டத்துக்கு மாறினார்.
"வளத்தி கொஞ்சம் கம்மி சார்" என்று பள்ளியில் விட்டார்.
வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும்.
என் பெயரைக் கூப்பிடும்போது மட்டும்
ஜன்னல் வழியே கித்தா மரங்களைப் பார்ப்பார்.

சம்பள நாளில் ஒரு பன் வாங்கி இரண்டாகப் பிய்ப்பார் அப்பா.
ஒரு பாதி எனக்கு.
மறு பாதி மங்குத் தட்டில், அலமாரி மேல்.
எறும்பு வரும். கேட்கக் கூடாது.
பிறகு சித்தி வந்தாள்.
பன் முழுசாகக் கிடைத்தது.
அதற்கப்புறம் எனக்குப் பன் இறங்கவில்லை.

கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்.
நான் கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம்.
அவள் பெயரில் தாலி, அவள் பெயரில் பிரசவம்,
அவள் பெயரில் இனிப்பு நீர் மாத்திரை.
சாகும் முன் அப்பா என் கையைப் பிடித்து
"பாக்கியம், என்னை மன்னிச்சிரு" என்றார்.
யாரிடம் கேட்டார்?
தெரியாமலேயே
"சரிப்பா" என்றேன்.

மகள் யுகாஷினிதான் தேடிப் பிடித்தாள்,
முசிறிக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளைத் தெருவில்.
திரையில் என் மூக்கோடு ஒருத்தி.
அம்மாவுக்குத் திதி கொடுத்து முடித்த கையோடு பேசினாள்.
வயிற்றிலிருந்ததைப் பற்றிக் கேட்டேன்.
"கடல்ல" என்றாள், அவ்வளவுதான்.
"இரு, வீட்டைக் காட்டுறேன்" என்று நடந்துகொண்டே பேச
படம் ஒரு பக்கமாகவே குலுங்கியது.
"நல்லாருக்கியா தேனு?"

"யாரும்மா தேனு?" என்றாள் மகள்.

சேமநிதி மூன்று வருஷம் முந்தியே கைக்கு வந்திருந்தது,
அக்காவின் வயதுக்கு.
தொடாமல் வைத்திருந்தேன்.
போன செவ்வாய்க்கிழமை வங்கியில் பாரம் நிரப்பினேன்.
அனுப்புபவர்: பாக்கி.
பெறுபவர்: தேனம்மா.
அவள் பெயரிலிருந்து என் பெயருக்கு.
உறவு என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதினேன்.
கவுண்டரில் இருந்த பெண் பிறந்த தேதிகளைப் பார்த்தாள்.
"இவங்க உங்களுக்கு இளையவங்க ஆன்ட்டி,
தப்பா எழுதிட்டீங்க."
அவளே அடித்துவிட்டுத் 'தங்கை' என்று திருத்தினாள்.
திருத்தத்தின் பக்கத்தில்
ஒரு கையெழுத்துக் கேட்டாள்.

போட்டேன்.